குருப் எஃகு நிறுவனம் கடைசியில் யாருடையது? தைசென்குருப் வரலாறு பற்றி ஒரு கேள்வி

வடதிசை (கேள்வி):

கொஞ்ச நாளாக ஜெர்மனியின் ரூர் பகுதி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எஸ்ஸென், டூயிஸ்பர்க், டார்ட்மண்ட் என்று எந்த ஊரை எடுத்தாலும் குருப் அல்லது தைசென் என்ற எஃகு நிறுவனத்தின் பெயர் வந்து நிற்கிறது. ஆனால் உரிமை விஷயத்தில்தான் எனக்குக் குழப்பம். ஐந்து தலைமுறை ஒரே குடும்பத்தின் கையில் இருந்த நிறுவனம். நூரம்பர்க் போர்க்குற்ற வழக்கில் அதன் தலைவருக்குத் தண்டனை கிடைத்தது, சொத்தையும் பறிமுதல் செய்தார்கள். அப்புறம் அதே ஆளிடம் சொத்து திரும்ப வந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை, ஓர் அறக்கட்டளைதான் பெரிய பங்குதாரர். இடையில் என்ன நடந்தது?

இன்னொன்றும் புரியவில்லை. 1997-ல் குருப், தன்னைவிடப் பெரிய தைசெனை அதன் விருப்பமில்லாமலே வாங்கப் பார்த்தது என்கிறார்கள். சின்ன நிறுவனம் பெரிய நிறுவனத்தை விழுங்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது, பணம் யாருடையது? அந்த முயற்சி நின்றுபோனது என்றால் பின்னே இரண்டு பெயரும் எப்படி ஒன்றாக ஒட்டிக்கொண்டன?

ஆண்டுவாரியான பட்டியல் இணையத்தில் நிறைய இருக்கிறது, அது வேண்டாம். யார் முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று விளக்க முடிந்தவர்கள் எழுதுங்கள்.

உலைக்களம்:

நல்ல கேள்வி. நான் 1967 வரை சொல்கிறேன், அதற்குப் பிந்தையதை இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

குருப் வரலாற்றைப் பீரங்கியை வைத்துப் படிக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் உரிமையை வைத்துக் கேட்டிருப்பது சரியான வழி. ஏனென்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு பிடிவாதம் ஏறத்தாழ 150 ஆண்டுகள் இருந்தது: ஆலை பங்கு பிரியக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. நிறுவனத்தின் பலம், கெடுதல் இரண்டுக்கும் இதுதான் வேர் என்பது என் எண்ணம்.

1811-ல் ஃபிரீட்ரிஷ் குருப் எஸ்ஸெனில் வார்ப்பு எஃகு ஆலை தொடங்கினார். நெப்போலியன் ஆங்கிலச் சரக்குகளை ஐரோப்பாவுக்குள் வரவிடாமல் தடுத்திருந்த காலம் அது. இங்கிலாந்தின் வார்ப்பு எஃகுக்கு மாற்று யார் செய்தாலும் விற்கும் என்று கணக்குப் போட்டார். ஆனால் தரமான எஃகு வந்தபாடில்லை, குடும்பச் சொத்து கரைந்தது, 1826-ல் 39 வயதில் கடனோடு இறந்துபோனார். மூத்த மகன் ஆல்ஃபிரட்டுக்கு அப்போது 14 வயது. ஆலையில் பத்துப் பேருக்கும் குறைவான ஆட்கள். அம்மா தெரேஸின் பெயரில் நிறுவனம், வேலை முழுக்க மகன் கையில்.

நாணயம் அச்சடிக்கும் அச்சுகள், கரண்டி உருட்டும் எந்திரங்கள் என்று கிடைத்ததைச் செய்துதான் அவர் மேலே வந்தார். 1848-ல் ஆலை முழுவதும் ஆல்ஃபிரட்டின் தனிச்சொத்தாகிறது, சகோதரர்கள் வெளியே போகிறார்கள் (ஹெர்மான் என்ற தம்பி அதற்கு முன்பே ஆஸ்திரியாவில் பெர்ன்டார்ஃப் ஆலையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார்). 1851 லண்டன் கண்காட்சியில் சுமார் 2 டன் எடையில் ஒரே வார்ப்பாக ஓர் எஃகுக் கட்டியைக் கொண்டுபோய் வைத்ததில்தான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் உண்மையான பணம் வந்தது ரயிலில். ஒட்டுப் போடாத, அதனால் ஒட்டில் பிளக்காத சக்கர வளையத்தை 1850களின் தொடக்கத்தில் செய்தார். வேகம் கூடக்கூட எல்லா ரயில் கம்பெனிகளுக்கும் அது தேவைப்பட்டது. குருப்பின் சின்னத்தில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று வளையங்கள் இருக்கின்றனவே, அவை இந்தச் சக்கர வளையங்கள்தான். நிறையப் பேர் பீரங்கிக் குழாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வரும் இடம். 1870-71 பிரான்ஸ்-பிரஷ்யப் போருக்குப் பின் எல்லாரும் அளவுக்கு மீறி முதலீடு செய்தார்கள், ஆல்ஃபிரட்டும் சுரங்கம், இரும்பாலை என்று கடன் வாங்கி வாங்கிக் குவித்தார். 1873-ல் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டே பிரஷ்ய அரசு வங்கி தலைமையில் ஒரு வங்கிக் குழு 3 கோடி மார்க் கடன் கொடுத்துத்தான் அவரை மீட்டது, கூடவே வங்கிகளின் ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. அது அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்குப் பிறகும் பங்குகளை வெளியே விற்க அவர் இணங்கவில்லை. தொழிலாளர்களுக்கு வீடு, கடை, நோய்க்கால நிதி, ஓய்வூதியம் எல்லாம் கொடுத்தார். அதே கையோடு சோஷலிஸ்ட் என்று தெரிந்தவர்களை வெளியேற்றினார். வேலையை விட்டுப் போனால் வீடும் போகும், நிதியில் கட்டிய உரிமையும் போகும். அந்த நலத்திட்டங்களைப் பாராட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1887-ல் ஆல்ஃபிரட் இறக்கும்போது சுமார் 20,000 பேர் வேலை பார்த்தார்கள். மகன் ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரட் காலத்தில் கீல் நகரக் கப்பல் கட்டும் தளம், ரைன் ஆற்றங்கரையில் ரைன்ஹவுசன் ஆலை எல்லாம் வந்தன. ரைன்ஹவுசன் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். 1902-ல் அவர் திடீரென்று இறந்ததும் 16 வயது மகள் பெர்த்தா வாரிசு. 1903-ல் நிறுவனம் பங்கு நிறுவனமாக மாறியது, ஆனால் பெயருக்குத்தான். சட்டம் கேட்ட எண்ணிக்கைக்காக ஒரு சில பங்குகளைத் தவிர மற்ற எல்லாம் பெர்த்தாவிடம். 1906-ல் அவர் குஸ்தாவ் ஃபான் போலன் உண்ட் ஹால்பாக் என்ற தூதரக அதிகாரியை மணந்தார், குருப் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அனுமதி கொடுத்தார். அந்தப் பெயர் நிறுவனத்தின் தலைவருக்கு மட்டும், தம்பி தங்கைகளுக்குக் கிடையாது.

1926-ல் ரூரின் பெரிய ஆலைகள் பல சேர்ந்து ஒன்றிணைந்த எஃகு ஆலைகள் என்ற ராட்சத நிறுவனத்தை உண்டாக்கின. தைசென் உள்ளே போனது, குருப் போகவில்லை. காரணம் பழையதுதான், சேர்ந்தால் பலரில் ஒருவராக வேண்டியிருக்கும்.

1943 பற்றி நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும். 1953-க்குத் தாவுகிறேன். ஆல்ஃபிரீட் (குஸ்தாவ், பெர்த்தாவின் மூத்த மகன்) சிறையிலிருந்து வந்து நேச நாடுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். நிலக்கரியையும் எஃகையும் 5 ஆண்டுகளுக்குள் விற்றுவிட வேண்டும், அந்தத் தொழிலுக்குத் திரும்பக்கூடாது. விற்க ஆள் கிடைக்கவில்லை என்று கெடு நீண்டது, திரும்பத் திரும்ப நீண்டது. பனிப்போர் காலத்தில் ரூரின் எஃகை உடைத்துப் போட மேற்கு நாடுகளுக்கு மனம் வரவில்லை. விற்பதற்குப் பதிலாக 1950களின் இறுதியில் போஹும் நகரின் பெரிய எஃகு நிறுவனத்தையும் குருப் வாங்கிக்கொண்டது.

1967-ல் 1874 அப்படியே திரும்ப வந்தது. அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலை செய்த நிறுவனம், அதன் முழு உரிமை ஒரே ஒரு மனிதரிடம். சோவியத் முகாம் நாடுகளுக்கு நீண்ட தவணையில் எந்திரங்கள் விற்றதில் நிறையப் பணம் மாட்டிக்கொண்டிருந்தது, எஃகும் நிலக்கரியும் நஷ்டத்தில். வங்கிகள் இதற்கு மேல் முடியாது என்றன. கூட்டாட்சி அரசு 30 கோடி மார்க்குக்கு உத்தரவாதம் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: தனிமனிதச் சொத்தாக இருந்தது போதும், முறையான நிறுவனமாக மாறி, நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு வைக்க வேண்டும். ஒரே மகன் ஆர்ன்ட் 1966-லேயே, ஆண்டுக்கு 20 லட்சம் மார்க் என்ற அளவில் பணம் பெற்றுக்கொண்டு, வாரிசுரிமையைத் துறந்திருந்தார். அவர் பெயரில் குருப் வரவே இல்லை. ஆல்ஃபிரீட் 1967 ஜூலை 30 அன்று இறந்தார். 1968-லிருந்து எல்லாச் சொத்தும் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளைக்கு.

குடும்பம் எங்கே போனது என்ற கேள்விக்கு இதுதான் பதில். யாரும் பறிக்கவில்லை, பறித்ததையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரிசிடம் எல்லாம் போக வேண்டும் என்ற ஏற்பாடு, அந்த ஒரு வாரிசு வேண்டாம் என்றதும் முடிந்துபோனது.

மருதன்_கே:

உலைக்களம் தனியாக எழுத வேண்டும் என்று விட்ட இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உரிமை பற்றிய கேள்வியில் 1943 ஓரமாக நிற்கிற விஷயமே கிடையாது.

1943 நவம்பர் 12 அன்று ஹிட்லர் குருப் குடும்பத்துக்கென்றே ஓர் ஆணை பிறப்பித்தார். குருப் சட்டம் என்றே அதைச் சொல்வார்கள். பெர்த்தாவிடமிருந்து ஆல்ஃபிரீட்டுக்கு முழுச்சொத்தும் வாரிசு வரி இல்லாமல் போகலாம், பங்கு நிறுவனம் கலைந்து மறுபடி தனிச்சொத்து ஆகலாம் என்பது அதன் சாரம். நாடே போரில் எரிந்துகொண்டிருந்தபோது ஒரு குடும்பத்துக்காக மட்டும் ஒரு சட்டம். குஸ்தாவ் 1933-க்கு முன் நாஜிகளிடமிருந்து தள்ளி நின்றவர் என்பது உண்மைதான். ஆட்சி கைக்கு வந்த கையோடு அவர் தலைமையில்தான் தொழிலதிபர்கள் ஹிட்லர் பெயரில் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். மகன் ஆல்ஃபிரீட் 1931-லேயே நாஜிகளின் எஸ்எஸ் அமைப்புக்குச் சந்தா கட்டும் ஆதரவாளர்.

போர்க்காலத்தில் நிறுவனத்தின் ஆலைகளில் வேலை செய்த கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் எல்லாரையும் சேர்த்தால் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எஸ்ஸெனில் ஹும்போல்ட் தெரு என்ற இடத்தில் ஒரு முகாம். 1944 ஆகஸ்டில் அங்கே 520 யூதப் பெண்களைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலோர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள், பலர் வயதுவந்தும் வராத பெண்கள். உருட்டாலையில் வேலை. குண்டுவீச்சில் முகாம் எரிந்த பின்னும் இடிபாட்டுக்கு நடுவே வைத்துத்தான் வேலை வாங்கினார்கள். 1945 மார்ச்சில் கிழக்கே பூஹன்வால்ட் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். இது எஸ்ஸென் நகரத்துக்குள்ளேயே நடந்தது, யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை.

நூரம்பர்க்கில் குருப் வழக்கு 1947 டிசம்பர் முதல் 1948 ஜூலை வரை நடந்தது. ஆல்ஃபிரீட்டோடு 11 அதிகாரிகள். ஆக்கிரமிப்புப் போருக்குத் திட்டமிட்ட குற்றச்சாட்டில் விடுதலை, பிற நாட்டுச் சொத்தைக் கொள்ளையடித்தது, அடிமை உழைப்பு ஆகியவற்றில் தண்டனை. ஆல்ஃபிரீட்டுக்கு 12 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும். 1951 தொடக்கத்தில் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் அவரை விடுவித்து, பறிமுதலையும் ரத்து செய்தார். கொரியப் போர் மும்முரமாக இருந்த நேரம், மேற்கு ஜெர்மனியின் ஆதரவு அமெரிக்காவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. சொத்துப் பறிமுதல் அமெரிக்க நீதி மரபுக்கு ஒவ்வாதது என்று மெக்லாய் காரணம் சொன்னார். அந்தச் சொத்தில் ஒரு பகுதி அடிமை உழைப்பில் வந்தது என்பதை அதே நீதிமன்றம்தான் தீர்ப்பாக எழுதியிருந்தது. என்னால் இந்த விடுதலையை இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இழப்பீடு 1959-ல் வந்தது. யூதர்களாக இருந்த முன்னாள் கட்டாயத் தொழிலாளர்களுக்கு 60 லட்சம் முதல் 1 கோடி மார்க் வரை தருவதாக ஒப்பந்தம், சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்ற வாசகத்தோடு. போலந்துக்காரர், ரஷ்யர், உக்ரைனியர் இதில் வரவில்லை. அவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்குப் பணம் என்று வந்தது, ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 2000-ல் அமைத்த நிதியிலிருந்துதான். 55 ஆண்டு கழித்து.

இன்றைய அறக்கட்டளையின் முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இதெல்லாம் சேர்ந்ததுதான் பதில்.

வடதிசை:

இரண்டு பேருக்கும் நன்றி. பறிமுதல் ரத்தானதற்குப் பின்னால் கொரியப் போர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பெர்த்தோல்ட் பைட்ஸ் என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே, அவர் யார்? 1997-ஐப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கரிப்படுகை:

பைட்ஸை ஆல்ஃபிரீட் 1953-ல் கொண்டுவந்தார், அப்போது பைட்ஸ் ஹாம்பர்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். எஃகு தெரியாது. போரின்போது போரிஸ்லாவ் என்ற ஊரில் (இன்றைய உக்ரைன்) எண்ணெய் நிறுவன அதிகாரியாக இருந்து, மரண ரயிலில் ஏற்றப்பட்ட யூதர்களை, இவர்கள் என் வேலைக்குத் தேவை என்று சொல்லிச் சொல்லி இறக்கியவர், நூற்றுக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள். இஸ்ரேல் 1973-ல் அவரைக் கௌரவித்தது. குருப்பில் அவர் பெயர் வந்தது நிறுவனத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று மேலே மருதன் எழுதியதைப் படித்தாலே புரியும். அறக்கட்டளையின் தலைமையில் 2013 ஜூலை 30 வரை, அதாவது 99 வயதில் இறக்கும்வரை இருந்தார். ஆல்ஃபிரீட் இறந்ததும் ஒரு ஜூலை 30-தான்.

அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று ஈரான். 1970களில் எஃகு நெருக்கடி, குருப்புக்குப் பணம் இல்லை, எண்ணெய் விலை ஏறி ஈரான் மன்னர் ஷாவிடம் பணம் குவிந்திருந்தது. 1974-ல் எஃகுப் பிரிவிலும் 1976-ல் தாய் நிறுவனத்திலும் 25 சதவீதத்துக்குச் சற்று மேல் ஈரான் வாங்கியது. மூன்று ஆண்டில் ஷா போய்விட்டார், பங்கு இஸ்லாமியக் குடியரசிடம் இருந்தது. இதன் வால் நீளம்: 2003-ல் அமெரிக்கத் தடைப்பட்டியலில் விழாமல் இருக்க தைசென்குருப் ஈரானிடமிருந்து ஒரு பகுதிப் பங்கைச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து, சுமார் 40 கோடி யூரோவுக்கு, திரும்ப வாங்க வேண்டிவந்தது.

சரி, ரைன்ஹவுசன். 1987 நவம்பரில் அந்த ஆலையை மூடப்போவதாகச் செய்தி கசிந்தது. எஃகுப் பிரிவின் தலைவர் கெர்ஹார்ட் க்ரோமே. 5,000-க்கும் மேற்பட்டோரின் வேலை. அதற்குப் பிறகு 160 நாள் நடந்த போராட்டம் மேற்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் நடத்திய மிகப் பெரிய போராட்டங்களில் ஒன்று. டிசம்பர் 10 அன்று ரூர் முழுக்கச் சாலைகளையும் பாலங்களையும் மறித்தார்கள், அந்த நாட்களில் எஸ்ஸெனில் குடும்பத்தின் பழைய மாளிகையான வில்லா ஹூகலுக்குள்ளேயே ஒரு கூட்டத்தின்போது புகுந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள், மாணவர்கள், பாதிரியார்கள், கடைக்காரர்கள் எல்லாரும் கூட வந்தார்கள். ரைன் மேல் இருக்கும் பாலத்துக்குத் தொழிலாளர்களே ஒற்றுமைப் பாலம் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள், இன்றும் அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை, தள்ளிப்போடத்தான் முடிந்தது. 1993 ஆகஸ்டில் முழுவதும் மூடினார்கள். ஆனால் அந்தத் தள்ளிப்போட்ட ஆண்டுகளில் நிறையப் பேர் வேறு ஆலைகளுக்கு மாறினார்கள், முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். போராட்டம் தோற்றது என்று ஒரு வரியில் எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

க்ரோமே அங்கிருந்து மேலே போனார். 1991-ல் டார்ட்மண்டின் ஹோஷ் நிறுவனத்தின் பங்குகளைச் சத்தமில்லாமல் சேர்த்து, 24.9 சதவீதம் ஆனதும் வெளியே சொன்னார். ஹோஷ் தரப்புக்கு அதுவரை தெரியாது. 1992-ல் இணைப்பு. ஜெர்மனியில் அப்படி விருப்பமில்லாமல் ஒரு நிறுவனத்தை வாங்குவது அப்போதெல்லாம் நடக்கிற விஷயமே இல்லை. அது பலித்தது. அந்தத் துணிச்சலில்தான் 1997.

தைசென் ஒரு விதத்தில் நேர்மாறான நிறுவனம். ஆகுஸ்ட் தைசென் 1871-ல் மூல்ஹைமில் தொடங்கினார், டூயிஸ்பர்க்கின் வடக்கே ரைன் கரையில் பெரிய உலைகள் கட்டினார். அந்த இடத் தேர்வு இன்றுவரை சோறு போடுகிறது, ஏனென்றால் கடல் வழியாக வரும் தாதுவை ஆற்றுப் படகில் நேராக உலை வாசலுக்கே கொண்டுவரலாம், டார்ட்மண்டுக்கு அது முடியாது. போருக்குப் பின் 1953-ல் தனி நிறுவனமாக மறுபடி எழுந்தது, பங்குகள் சந்தையில் பரவிக் கிடந்தன. ஒரு குடும்பமோ அறக்கட்டளையோ பூட்டி வைத்திருக்கவில்லை. அதனால் குருப்பை யாரும் வாங்க முடியாது, தைசெனை வாங்கலாம். சின்னது பெரியதை விழுங்கப் பார்த்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், மீதி வங்கிக் கடன்.

1997 மார்ச் 18 அன்று பங்குக்கு 435 மார்க் தருவதாக க்ரோமே அறிவித்தார், மொத்தம் 1,300 கோடி மார்க்குக்கும் மேல். டாய்ச்ச வங்கியும் ட்ரெஸ்ட்னர் வங்கியும் பின்னால் நின்றன. டாய்ச்ச வங்கியின் இயக்குநர் ஒருவர் தைசெனின் மேற்பார்வைக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார், அவருடைய வங்கி எதிர்ப்பக்கத்துக்குப் பணம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. இதைத்தான் தொழிலாளர்களால் பொறுக்க முடியவில்லை. மார்ச் 25 அன்று 25,000 பேருக்கு மேல் ஃபிராங்ஃபர்ட்டில் அந்த வங்கியின் இரட்டைக் கோபுரத்துக்கு முன் திரண்டார்கள். அதற்குள் மாநில அரசு இரண்டு பக்கத்தையும் பேச வைத்திருந்தது. வாங்கும் முயற்சி கைவிடப்பட்டது, பதிலுக்கு எஃகுப் பிரிவுகளை மட்டும் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம், தைசெனுக்கு 60, குருப்புக்கு 40. எஃகைச் சேர்த்த பின் மற்றதைப் பிரித்து வைப்பதில் அர்த்தம் இல்லை என்று பேச்சு தொடர்ந்து, 1999 மார்ச்சில் முழு இணைப்பு நடந்தது. முதலில் க்ரோமேயும் தைசென் தரப்பின் எக்கெஹார்ட் ஷுல்ஸும் இணைத் தலைவர்கள்.

விலை கொடுத்தது டார்ட்மண்ட். உலை எல்லாம் டூயிஸ்பர்க்கில் ஒன்று திரண்டது, டார்ட்மண்டில் 2001-ல் கடைசியாக உருக்குவது நின்றது. அந்த ஊரின் ஹெர்டே ஆலையைச் சீனத் தொழிலாளர்கள் வந்து துண்டு துண்டாகக் கழற்றி, பெட்டியில் அடைத்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பள்ளத்தில் இன்று ஓர் ஏரி, சுற்றிலும் விலையுயர்ந்த வீடுகள்.

பேரேடு:

கரிப்படுகை எழுதியதில் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. குருப்பை யாரும் வாங்க முடியாது என்பதைப் பலமாகச் சொல்கிறீர்கள். நான் அதைத்தான் நோய் என்பேன்.

அறக்கட்டளையின் சாசனமே நிறுவனத்தின் ஒற்றுமையை முடிந்தவரை காக்க வேண்டும் என்கிறது. ஆல்ஃபிரட்டின் பிடிவாதம்தான் அது, குடும்பம் போய் அறக்கட்டளை வந்திருக்கிறது, அவ்வளவுதான். 2006 முடிவில் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டியது, முக்கிய முடிவுகளைத் தடுக்கும் பலம் வந்தது. 2007-ல் மேற்பார்வைக் குழுவுக்குத் தானே மூன்று பேரை நியமிக்கும் உரிமையும் பெற்றார்கள். அதே காலத்தில் என்ன நடந்தது? பிரேசிலில் ரியோ அருகே கடற்கரையில் புது எஃகாலை, அங்கே பலகையாக வார்த்து அமெரிக்காவின் அலபாமாவில் தகடாக உருட்டுவது என்ற திட்டம். தாது இருக்கும் இடத்தில் மலிவாக உருக்கலாம் என்ற கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. பிரேசில் நாணயம் ஏறியது, நிலக்கரியைக் கோக் எரிபொருளாக்கும் உலைகளைச் சீன நிறுவனத்திடம் கொடுத்ததில் கோளாறு மேல் கோளாறு, 200 கோடி யூரோவுக்குள் முடியும் என்றது 500 கோடியைத் தாண்டியது, 2010-ல் திறந்தபோது அமெரிக்கச் சந்தை படுத்துக்கிடந்தது. 2011-12 நிதியாண்டில் மட்டும் நிறுவனத்தின் நஷ்டம் ஏறத்தாழ 500 கோடி யூரோ. அலபாமா 2014-ல் போனது, பிரேசில் 2017-ல் போனது.

இந்த ஆண்டுகளில் மேற்பார்வைக் குழுத் தலைவர் க்ரோமே, அவர் பின்னால் உறுதியாக நின்றவர் பைட்ஸ். 2013 மார்ச்சில்தான் க்ரோமே விலகினார். வேறு எந்தச் சாதாரணப் பங்கு நிறுவனமாக இருந்திருந்தாலும் பங்குதாரர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் புதுப் பங்கு வெளியிட்டபோது போடுவதற்கு அறக்கட்டளையிடம் பணம் இல்லை, பங்கு 23 சதவீதமாக இறங்கி, காத்து வைத்திருந்த தடுக்கும் பலமும் போய்விட்டது.

அப்புறம் 2020. ஓய்வூதியக் கடன் கழுத்தை நெரிக்க, நல்ல லாபம் தந்துகொண்டிருந்த லிஃப்ட் பிரிவை 1,720 கோடி யூரோவுக்கு விற்றார்கள். டூயிஸ்பர்க் எஃகைத் தூக்கி நிறுத்த லிஃப்ட்டை விற்க வேண்டிய நிலை.

கரிப்படுகை:

பிரேசில் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் பங்குதாரர்கள் அதிகாரத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை 2013-க்குப் பிந்தைய கதை காட்டவில்லை. செவியன் என்ற ஸ்வீடன் முதலீட்டு நிறுவனம் வந்தது, 2018-ல் எலியட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வந்தது. டாட்டாவின் ஐரோப்பிய எஃகோடு இணைப்பை ஜூன் இறுதியில் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே தலைவர் ஹீசிங்கர் விலகினார், அடுத்த இரண்டு வாரத்துக்குள் மேற்பார்வைக் குழுத் தலைவரும் போனார். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கிறோம் என்றார்கள், பிரிக்கவில்லை என்றார்கள். டாட்டா இணைப்பை 2019 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது, கார் தகட்டிலும் டப்பாத் தகட்டிலும் போட்டி குறையும் என்பது காரணம். லிஃப்ட்டை விற்கச் சொல்லி அழுத்தியதில் இந்த முதலீட்டாளர்களுக்கும் பங்கு உண்டு. அறக்கட்டளை பொறுமையாக இருந்தது அதிகம்தான், அதற்காகப் பொறுமையே இல்லாதவர்களிடம் உலையைக் கொடுப்பதா? ஓர் ஊது உலையை ஒரு முறை உள்செங்கல் மாற்றிக் கட்டினால் 15, 20 ஆண்டு ஓட வேண்டும். காலாண்டு அறிக்கை பார்த்து அதில் முடிவெடுக்க முடியாது.

வடதிசை:

இப்போது நிலைமை என்ன? அறக்கட்டளை இன்னும் இருக்கிறதா?

உலைக்களம்:

இருக்கிறது, சுமார் 21 சதவீதம், இன்றும் பெரிய பங்குதாரர் அதுதான். லாபப் பங்கு வந்த ஆண்டுகளில் அந்தப் பணம் மருத்துவமனை, பல்கலைக்கழகம், எஸ்ஸெனின் அருங்காட்சியகம் என்று போகிறது. நிறுவனத்தின் தலைமையகமும் 2010-ல் எஸ்ஸெனுக்குத் திரும்பிவிட்டது, பழைய வார்ப்பு எஃகு ஆலை இருந்த நிலத்தில் கட்டியிருக்கிறார்கள்.

எஃகைத் தனியே கழற்றிவிடும் முயற்சிதான் இப்போதும் ஓடுகிறது. நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துத் தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் ஆலையை டூயிஸ்பர்க்கில் கட்ட அரசு 2023-ல் சுமார் 200 கோடி யூரோ ஒதுக்கியது, மலிவான ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்பதுதான் தீராத தலைவலி. 2024-ல் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் க்ரெட்டின்ஸ்கியின் நிறுவனம் எஃகுப் பிரிவில் 20 சதவீதம் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் எஃகுப் பிரிவில் சுமார் 11,000 வேலைகள் குறைப்பு அல்லது வெளியே மாற்றம் என்ற திட்டம் வந்தது. 2025 செப்டம்பரில் ஜிந்தால் குழுமத்தின் சர்வதேசப் பிரிவு எஃகு முழுவதையும் வாங்க முன்வந்தது, அடுத்த மாதம் கீல் நகரக் கப்பல் தளத்தை உள்ளடக்கிய கடற்படைப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தையில் போட்டு, பெரும்பான்மைப் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள்.

பேரேடு, கரிப்படுகை இருவருக்கும் ஒரு வார்த்தை. 1951 சட்டப்படி நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் தரப்புக்குச் சரிபாதி இடம். எஃகுப் பிரிவை யார் வாங்க வந்தாலும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து எந்த உலை நிற்கும், எந்த உலை போகும், எத்தனை ஆண்டுக்கு வேலைப் பாதுகாப்பு என்று எழுத்தில் கொடுக்காமல் காரியம் எளிதில் நடக்காது. பங்கு விலையை மட்டும் பேசி முடித்துவிட முடியாது.